திருவையாறு ஆராதனைக்கு லைட் செட் டூரிஸ்ட் பஸ்: எதைப் பார்த்து எடுப்பது?

சென்னையிலிருந்து தியாகராஜ ஆராதனைக்குக் குழுவாகப் போக வழி மூன்று. எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறித் தஞ்சாவூரில் இறங்கி, மிச்சம் 13 கிலோமீட்டரை டவுன் பஸ்ஸில் கடக்கலாம். இரண்டு மூன்று வேன் பிடிக்கலாம். அல்லது கல்யாணத்துக்கும் காலேஜ் டூருக்கும் ஓடுகிற, உள்ளும் புறமும் லைட் போட்ட டூரிஸ்ட் பஸ் ஒன்றை மொத்தமாக எடுக்கலாம். ஆள் பத்துப் பன்னிரண்டு என்றால் ரயில்தான். நாற்பது பேர், கூடவே வீணை, தம்பூரா, இரண்டு மிருதங்கம் என்று ஆகிவிட்டால், விடியற்காலையில் தஞ்சாவூர் ஸ்டேஷன் வாசலில் அத்தனையையும் இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றுவது பெரும்பாடு. அப்போது பஸ்தான் சரி. மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருப்பதால் போகிற வழியில் கோஷ்டிப் பயிற்சியும் முடிந்துவிடும். இந்த ஒரு லாபம் வேறு எந்த வண்டியிலும் இல்லை.

ஆனால் இந்த பஸ்கள் குத்துப்பாட்டுக்காகக் கட்டப்பட்டவை. பஞ்சரத்தினம் (நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள்) பாடப் போகிறவர்களுக்கு அதே பஸ் ஒத்துவர வேண்டுமானால் சிலவற்றை ஷெட்டிலேயே பார்த்துப் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் பகலில் போய் ஸீட்டையும் பெயிண்டையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பார்க்க வேண்டியது ராத்திரியில்தான் தெரியும்.

முதலில் மின்சாரம். லைட் செட் பஸ்ஸில் பாதிப் பயணத்தில் நிற்பதற்கும், அதைவிடக் கொடுமையாகத் தீப்பிடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பஸ்ஸின் மின்சாரம் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபயரும் எல்இடி பட்டைகளும் பெரும்பாலும் காருக்குச் செய்த 12 வோல்ட் சரக்கு. சரியான முறை, 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றை இடையில் வைப்பது. குறுக்குவழி, இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்து ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுப்பது. இப்படிச் செய்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே வரும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து 24 என்றே பார்த்துச் சார்ஜ் செய்வதால் மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். ராத்திரி டீக்கு நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டும் லைட்டும் அரைமணி ஓடினால் போதும், செல்ஃப் எடுக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்தம் இறங்கிவிட்டால் பார்க்கிங் பிரேக் விடாது. அதனால் ஷெட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஆம்ப்ளிஃபயருக்குப் பன்னிரண்டு வோல்ட் எங்கேயிருந்து எடுத்திருக்கீங்கண்ணே?" கன்வர்ட்டரைக் கையால் தொட்டுக் காட்டினால் நல்லது. "ஒரு பேட்டரியிலேர்ந்துதான், ஒண்ணும் ஆகாது" என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

அடுத்து, எஞ்சினை ஐடிலில் விட்டு, எல்லா லைட்டையும், ஃபேனையும், ஸ்பீக்கரையும் போடச் சொல்லிப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். டேஷ்போர்டில் வோல்ட் மீட்டர் 27, 28-ல் நிற்க வேண்டும். 25-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் தாங்கவில்லை என்று அர்த்தம். ஐடிலில் அதன் உற்பத்தி குறைவு. சாலையில் ஓடும்போது சரியாகிவிடும் என்பார்கள். தஞ்சாவூர் எல்லையில் ஆராதனை நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி ஐடிலில்தான் இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மேலே ரேக்குக்கு அடியில் இருக்கிற ரெக்ஸின் பேனலில் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே வயர் மெல்லியது, சுமை அதிகம். பேட்டரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தடித்த வயரிலும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத வயர் பஸ் பாடியில் எங்காவது உரசித் தோல் பிய்ந்தால், அறுபடாமல் எரிந்துகொண்டே இருக்கும். பேனலுக்குப் பின்னால் பிளைவுட், ஃபோம், ரெக்ஸின். மூன்றும் நன்றாகப் பற்றும்.

கூடவே எமர்ஜென்ஸி கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். சில வண்டிகளில் சப்-ஊஃபர் பெட்டியை அதன் எதிரிலேயே வைத்திருக்கிறார்கள். தீயணைப்பானில் முள் பச்சையில் இருக்க வேண்டும். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஹோல்டரில் இருக்க வேண்டும். ஸ்மோக் மெஷின் இருந்தால் அதைக் கழற்றியே வைத்துவிடச் சொல்லுங்கள். மூடிய பஸ்ஸில் அந்தப் புகை பாடுகிறவர்கள் தொண்டைக்கு ஆகாது. அதோடு, உண்மையான புகை வந்தால் முதல் ஒரு நிமிடம் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இனி ஒலி. இந்த பஸ்களில் மிகச் சிறந்ததும் இதுதான், மிக மோசமாக அமைத்து வைத்திருப்பதும் இதுதான். எஞ்சின், டயர் இரைச்சல் எல்லாம் கீழ் அலைவரிசை. அதை மீறிக் கேட்க வேண்டும் என்று பேஸை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். குரலுக்கு இது எதிரி. சப்-ஊஃபரை முழுதாக அணைத்துவிடுங்கள். ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் இறக்கி, 2,000 முதல் 4,000 வரை லேசாக ஏற்றினால் சாகித்யம் சொல் சொல்லாகக் கேட்கும். மைக்கில் எக்கோ என்று ஒரு திருகு இருக்கும். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பதற்காக அதைப் பாதிக்கு மேல் திருகி வைத்திருப்பார்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ஆரபியில் ஸ்வரமும் சாகித்யமும் ஒன்றன் மேல் ஒன்று விழும்.

மைக் கீச்சிடுவது இன்னொரு தொல்லை. ஸ்பீக்கர்கள் கூரையில், தலைக்கு நேர் மேலே. மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழேயே நின்றால் கீச்சிடத்தான் செய்யும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் இருக்கிற ஸீட்டில் உட்கார்ந்து, மைக்கை வாயிலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில் வைத்துக்கொண்டால் அடங்கிவிடும். ஓடும் வண்டியில் எழுந்து நின்று பாட வேண்டாம். நடத்துகிறவரும் உட்கார்ந்தபடியே தாளம் போடட்டும்.

சுருதிக்கு போனில் தம்பூரா செயலி போதும். ப்ளூடூத்தைவிட ஆக்ஸ் வயர் நல்லது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட வேண்டும், இல்லையேல் நாட்டை நடுவில் யாருடைய அழைப்பாவது வரும். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை அடாப்டர் வழியாக இன்வெர்ட்டரில் சொருகினால் பல வண்டிகளில் 'ர்ர்ர்' என்று ஒரு உறுமல் சேர்ந்து வரும். மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. ப்யூர் ஸைன் என்று எழுதியிருந்தால் மட்டும் சொருகுங்கள். எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு சீழ்க்கையும் ஏறினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம். ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் ஸ்டீரியோவின் எர்த்தும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் வருவது. ஷெட்டில் எலக்ட்ரீஷியன் இருந்தால் இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது அரைமணி வேலை.

இன்னொரு நுட்பம், அனுபவப்பட்ட கோஷ்டிகள் கவனிப்பது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது அதன் முழக்கம் 75 ஹெர்ட்ஸ். ஒன்றரைக் கட்டை (C#) சுருதியில் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ஸ, சுமார் 69 ஹெர்ட்ஸ். இரண்டும் அவ்வளவு நெருக்கம். மந்தரம் அந்த முழக்கத்தில் முழுகிவிடும், காது எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும், குழு மெல்ல மெல்ல மேலே ஏறிவிடும். வண்டி நிற்கும்போதுதான் சுருதி விலகியது தெரியும். செயலியில் மந்தரத்தைக் குறைத்து, பஞ்சமத்தையும் மத்திய ஷட்ஜத்தையும் தூக்கி வைப்பதுதான் இதற்குப் பரிகாரம். எஞ்சின் முன்பக்கம் இருப்பதால் முதல் நான்கு வரிசையில் முழக்கம் அதிகம். கோஷ்டியை நடத்துகிறவர் ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் உட்காருவது நல்லது.

லைட்டைப் பற்றிச் சுருக்கமாக. பயிற்சி நேரத்தில் ஆடாத வெள்ளை வெளிச்சம் வேண்டும். பலர் நோட்டில் ஸ்வரத்தைச் சிவப்பு மையிலும் சாகித்யத்தை நீலத்திலும் எழுதியிருப்பார்கள். சிவப்பு லைட் எரிந்தால் சிவப்பு மை பக்கத்திலிருந்தே மறைந்துவிடும், வராளியின் சரண ஸ்வரம் ஒன்றும் தெரியாது. கூரை பிக்ஸல் லைட்டுகள் ஓடிக்கொண்டிருந்தால் தலைவலிக்காரர்களுக்கும் வலிப்பு வரக்கூடியவர்களுக்கும் ஆபத்து. அதோடு உள்ளே எரியும் லைட் முன்கண்ணாடியில் பிரதிபலித்து டிரைவர் பார்வையைக் கெடுக்கும். பயிற்சி முடிந்தபின் நீல நைட் லேம்ப் மட்டும், டிரைவர் பின்னால் திரை. வெளியே முன்பக்கம் சிவப்பு லைட், பின்பக்கம் வெள்ளை லைட், பல ராக ஹாரன் எல்லாம் சட்டத்துக்குப் புறம்பு. ஆர்டிஓ நிறுத்தினால் ராத்திரியில் நடுவழியில் நிற்பது நீங்கள்தான். வெளி ஸ்பீக்கர் இருந்தால் இரவு 10 முதல் காலை 6 வரை அதைத் தொடவே கூடாது.

ஏசியா, நான்-ஏசியா? ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதி), 1847-ல் தியாகராஜர் சித்தியடைந்த திதியில், அதாவது பெரும்பாலும் ஜனவரியில் வருகிறது. பனிக்காலம். நான்-ஏசி, 2+2 புஷ்பேக், தள்ளித் திறக்கும் ஜன்னல் உள்ள வண்டிதான் இதற்குப் பொருத்தம். ஏசியின் வறண்ட காற்று தொண்டையைக் கட்டும். மிருதங்கத் தோலும் வறண்டு இறுகி சுருதி ஏறும். ஆற்றங்கரை ஈரத்தில் இறங்கினதும் தளர்ந்துவிடும். வார் பிடித்துச் சரிசெய்ய அப்போது நேரம் இருக்காது. மேலும் பல வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் ஏசி. பகலெல்லாம் நிறுத்தி வைக்கிற இடத்தில், கண்ணாடி திறக்காத பஸ்ஸில் டிரைவர் எப்படித் தூங்குவார்?

வாத்தியங்களுக்கு ஒரே விதி: டிக்கி வேண்டாம். வீணையில் தந்திக்கு அடியில் இருக்கிற உலோக மெட்டுகள் நிற்பது மெழுகில். சைலன்சர் பக்கத்து டிக்கியில் ஏழு மணி நேரம் கிடந்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். திரும்ப மேளம் கட்டுவது, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பது, ஆளை வரவழைத்துச் செய்கிற வேலை. தம்பூரா, வீணை இரண்டையும் கடைசி நீள ஸீட்டில் படுக்கவைத்துப் போர்வையால் அண்டை கொடுங்கள். கடம் மடியில். வயலின் மட்டும் மேல் ரேக்கில் போகலாம், தந்தியை அரைக் கட்டை இறக்கிவிட்டு. நடைபாதையில் எதுவும் வைக்கக் கூடாது. ஆக, நாற்பது பேருக்கு 45 ஸீட் வண்டி எடுத்துக் கடைசி வரிசையைக் காலியாக வைப்பதே கணக்கு. பின் டயருக்குப் பின்னால் இருக்கிற அந்த வரிசையில் தூக்கிப் போடுவது அதிகம் என்பதால், பட்டை ஸ்பிரிங் வண்டியைவிட ஏர் சஸ்பென்ஷன் வண்டி வாத்தியங்களுக்குப் பாதுகாப்பு. வாடகை கூடுதலானாலும் கொடுக்கலாம்.

வெளி அலங்காரம் ஆராதனைக்கு ஏற்றபடி செய்ய ஆசைப்படுவது நியாயம். வாழைக்கன்று, மாலை, தியாகராஜர் படம் போட்ட பேனர். சென்னையிலேயே பூக் கட்டினால் காற்றில் உதிர்ந்து உதிர்ந்து திண்டிவனம் தாண்டுவதற்குள் நார்தான் மிஞ்சும். பேனரை மட்டும் கட்டிக் கிளம்பி, விடியற்காலையில் தஞ்சாவூர் பூக்காரத் தெருவில் செவ்வந்தி மாலை வாங்கிக் கட்டுங்கள். ஆறடிக்கு மூன்றடி பேனர், பக்கவாட்டில் ஜன்னலுக்குக் கீழே, வளையம் அடித்து ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு. கட்டு குறைந்தால் காற்றில் படபடத்துக் கிழியும். பின்பக்கம் கட்டவே வேண்டாம். அது டெயில் லைட், நம்பர் பிளேட், எமர்ஜென்ஸி கண்ணாடி மூன்றில் ஒன்றை மறைக்கும். வாழைக்கன்று பக்கக் கண்ணாடியை மறைக்காத உயரத்தில், மாலை வைப்பர் துடைக்கிற வட்டத்துக்கு வெளியே.

பாதை ஏறக்குறைய 330 கிலோமீட்டர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-ல் நிறுத்திவிடும். நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பி, திண்டிவனம் வரை பயிற்சி, பிறகு தூக்கம், ஐந்து மணிக்குத் தஞ்சாவூர். குளிக்க, உடை மாற்ற ஒரு மண்டபமோ இரண்டு லாட்ஜ் ரூமோ முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம். திருவையாற்றில் அன்று இடம் தேடி அலைய முடியாது. தஞ்சாவூரிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். பழைய சாலையில் எதிரே இன்னொரு பஸ் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. சம்பா அறுவடைக் காலம் வேறு. அறுவடை இயந்திரமும் வைக்கோல் வண்டியும் மெதுவாகத்தான் போகும். சில இடத்தில் சாலையிலேயே நெல் காயும், அதன் மேல் பிரேக் அடித்தால் வழுக்கும். 13 கிலோமீட்டர்தானே என்று நினைக்காமல் ஆறரைக்கெல்லாம் தஞ்சாவூரை விட்டுவிடுங்கள். சமாதி வரை பஸ் போகாது. போலீஸ் காட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடைதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆட்டோ பேசி வைக்கலாம். பஞ்சமியன்று காலை உஞ்சவிருத்தி (வீதியில் பாடியபடி அரிசி ஏற்றுப் போகும் ஊர்வலம்) முடிந்து, நாகஸ்வரத்துக்குப் பின், ஒன்பது மணி வாக்கில் நாட்டை தொடங்கும். கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம். பந்தலில் உட்காருவது தரையில்தான். ஜமக்காளமும், பெரியவர்களுக்கு மடிப்பு மணையும் கையோடு எடுத்துப் போங்கள். டிக்கியில் விட்டுவிட்டு வந்தால் திரும்பப் போய் எடுக்க நேரமிருக்காது.

பாட்டு முடிந்ததும் உடனே பந்தலை விட்டு ஓட வேண்டாம். இந்தச் சமாதியைத் தன் சொத்தை விற்றுக் கட்டிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாவின் நினைவிடம் எதிரிலேயே இருக்கிறது. திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடமும் நடக்கிற தூரம்தான்.

பணத்தில் ஏமாறுவது தேதிக் கணக்கில். பல ஷெட்களில் நாள் என்பது ராத்திரி 12 முதல் 12. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அந்த மூன்று மணி நேரம் ஒரு நாள். மறுநாள் மாலை ஆறுக்குத் திருவையாற்றிலிருந்து புறப்பட்டு விடியல் இரண்டுக்குச் சென்னை சேர்ந்தால் அது மூன்றாவது நாள். நாளுக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர் என்று இருந்தால், ஓடியது 700, கட்டுவது 900-க்கு. புறப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி ஒரு நாள் என்று முதலிலேயே எழுதி வாங்கினால் இரண்டு நாளில் முடியும், ஓடிய தூரத்துக்கு மட்டும் கொடுக்கலாம். கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கா, ஏறுகிற இடத்திலிருந்தா என்பதும், டோல், பார்க்கிங், பேட்டா யார் கணக்கு என்பதும் டிரிப் ஷீட்டில் இருக்கட்டும். கிளம்பும்போது மீட்டரைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். பயணிகள் பெயர்ப் பட்டியல் டிரைவரிடம் இருக்க வேண்டும்.

பேரம் பேசக் கூடாத இடம் இரண்டாவது டிரைவர். 2025 வரை நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் முன் அரைமணி ஓய்வு என்று இருந்தது. போகிற ராத்திரியும் வருகிற ராத்திரியும் ஒரே ஆள் என்றால், பகலில் பாட்டுச் சத்தத்திலும் கூட்டத்திலும் அவருக்குத் தூக்கம் இருக்காது. திரும்பும் வழியில் நள்ளிரவுக்கு மேல்தான் அது தெரியும். இரண்டு பேட்டா கொடுத்து, தஞ்சாவூர் ரூமில் ஒரு கட்டிலை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

திரும்பும்போது எல்லார் கையிலும் திருவையாற்று அசோகா இருக்கும், பாசிப்பருப்பில் கிண்டி நெய் மிதக்கிற ஈரமான அல்வா. வீணைக்குச் சொன்னதுதான் அதற்கும். டிக்கியில் வைத்தால் நெய் உருகி அட்டைப்பெட்டி வழியாக இறங்கி அடுத்தவர் பையில் ஊறும். டப்பாவை நேராக நிமிர்த்தி, மேல் ரேக்கில், புடவைப் பைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.